போட்டோவின் பின்பக்கம்

நகராட்சி அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பசையக்கா. பத்தொன்பது வருடமாக அவளுக்கு அறிவிப்பு ஒட்டுகிற வேலை. யாராவது வீட்டு மனையைக் கடையாகவோ கிடங்காகவோ மாற்ற விண்ணப்பித்தால், அந்த இடத்திலேயே சுவரில் அறிவிப்பு ஒட்டி, அதைப் போட்டோ எடுத்துக் கோப்பில் சேர்க்க வேண்டும். முப்பது நாளுக்குள் அக்கம்பக்கத்தார் ஆட்சேபணை சொல்லலாம். யாரும் வாய் திறக்காவிட்டால் அனுமதி கிடைத்துவிடும். கடையில் விற்கும் பசையை அவள் கையாலும் தொடமாட்டாள். பூச்சி அரிக்காமலிருக்க மைதாவில் மயில்துத்தம் கலந்து அவளே காய்ச்சுவாள். அவள் ஒட்டிய தாளைக் கிழிக்க நினைத்தால் சுவரின் காரையும் கூடவே வரும்.

அந்த மூலை மனைக்கு அவள் போன காலை, எதிர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முன்சுவர் முழுக்க மீன், ரயில், மூன்று கால் மாடு என்று வரைந்து முடித்திருந்தார்கள். சாயம் இன்னும் காயவில்லை. மூன்று கால் மாட்டின் மேல் அரசாங்கத் தாளை ஒட்ட அவளுக்கு மனசு வரவில்லை. பின்பக்கச் சந்துச் சுவரில் ஒட்டினாள். அலுவலகம் திரும்பி, போட்டோவின் பின்னால், ‘முன்சுவரில் சாயம் ஈரம், அதனால் பின்பக்கம் ஒட்டினேன்’ என்று எழுதினாள். நகரமைப்பு ஆய்வாளரிடம் அதை வாசித்தும் காட்டினாள். அவர் போன் பேசிக்கொண்டே தலையாட்டினார். பிறகு தன் பசையாலேயே போட்டோவைக் கோப்பில் அழுத்தி ஒட்டிவிட்டாள். அதன் கீழே ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார். எழுதியது உள்ளே போய்விட்டதே என்று அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. கெட்டிக்காரத்தனம் சில நாள் லீவு போட்டுவிடும்.

அந்தச் சந்தில் பூனையைத் தவிர யாரும் நடப்பதில்லை. ஒரு ஆட்சேபணைகூட வராமல் முப்பது நாள் ஓடிப்போனது, கிடங்குக்கு அனுமதி கிடைத்தது. செங்கல் லாரி வந்து நின்ற அன்றுதான் தெருவே திரண்டு அலுவலகத்துக்கு வந்தது. மனைக்காரரிடம் கைநீட்டி வாங்கிக்கொண்டுதான் அறிவிப்பை ஒளித்து ஒட்டினாள் என்று வாய்க்கு வந்தபடி பேசினார்கள். மறுநாள் அவளை சஸ்பெண்ட் செய்து கையில் தாளைக் கொடுத்தார்கள். குற்றம் நிரூபணமானால் வேலையே போய்விடும்.

அவள் உள்ளதை உள்ளபடி பதிலாக எழுதிக் கொடுத்தாள். ஆய்வாளரோ தனக்கு ஞாபகமில்லை என்று எழுதிவிட்டார். போட்டோவைப் பிரித்துப் பாருங்கள் என்று அவள் மன்றாடியதற்கு, ஆதாரத்தைக் கிழிக்க முடியாது என்றார்கள். பஸ் டிப்போவில் மெக்கானிக்கான அவள் கணவர் மட்டும் அசரவில்லை. “நீ லஞ்சம் வாங்கியிருந்தா அன்னைக்கே என்கிட்ட உளறியிருப்ப. உனக்குத்தான் வாயில எதுவும் நிக்காதே” என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். சஸ்பெண்டில் இருந்த மூன்று மாதமும் அந்த மனுஷன் அவளைத் தனியாகச் சாப்பிட விடவில்லை.

எடுத்தோம் கவிழ்த்தோம் என்று யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது, விசாரணை வேண்டும், ஊழியர் பக்கத்தில் சங்கத்து ஆள் ஒருவர் உட்கார வேண்டும் என்று நகராட்சிக்கும் சங்கத்துக்கும் ஒப்பந்தம் உண்டு. அந்த ஒப்பந்தத்தை அவள் அதுவரை படித்ததே இல்லை. இப்போது அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. அவளோடு வந்து உட்கார்ந்தவர் சங்கச் செயலாளர், குடிநீர்ப் பிரிவில் பைப் ஃபிட்டர். வேலையிலிருந்து நேராக வந்ததால் சட்டையெல்லாம் ஈரம்.

ஆணையர் அறையில் விசாரணை நடந்தது. முன்பக்கம் ஏன் ஒட்டவில்லை என்று ஆணையர் கேட்டார். பிள்ளைகள் வரைந்தது காயவில்லை என்றாள். சொல்லும்போதே அது அவள் காதுக்கே சப்பைக்கட்டாகத்தான் பட்டது. ஃபிட்டர் எழுந்து, கோப்பில் இருந்த போட்டோவைக் காட்டினார். சந்து என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரிகிறதே, இதற்குக் கீழே கையெழுத்துப் போட்டவர் யார் என்று நிதானமாகக் கேட்டார்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆய்வாளர் மெல்ல எழுந்தார். அவருக்கு அடுத்த மாதம் பதவி உயர்வு வருவதாக இருந்தது. அது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

“நான்தான் சார். போட்டோவுக்குப் பின்னால எழுதினத இவங்க என்கிட்ட படிச்சுக் காட்டினாங்க. நான்தான் சரின்னேன். ஞாபகமில்லன்னு எழுதிக் குடுத்தது பொய்.”

ஆணையர் ஈரத்துணி கொண்டுவரச் சொன்னார். போட்டோவைப் பிரிக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. பசையக்காவுக்கு அவ்வளவு பயத்திலும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். மை கலங்கியிருந்தாலும் எழுத்தைப் படிக்க முடிந்தது.

அவளை எச்சரித்து வேலைக்குத் திரும்ப அழைத்தார்கள். கிடங்கு அனுமதியை ரத்து செய்து, புதிதாக அறிவிப்பு ஒட்ட உத்தரவானது. இந்தத் தடவை முப்பத்துநாலு ஆட்சேபணை வந்து குவிந்தது. ஆய்வாளரின் பதவி உயர்வு நின்றுபோனது.

வேலைக்குத் திரும்பிய அன்று பசையக்கா முதலில் ஃபிட்டரைத் தேடிப் போய்க் கும்பிட்டாள். அவர் கூச்சத்தில் நெளிந்து, குழாய்ச் சாவியை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டார். பிறகு ஆய்வாளரின் மேஜைக்குப் போனாள். அவர் தலை நிமிரவில்லை.

“எனக்கு நன்றி சொல்லாதீங்கம்மா. மொத நாளே எனக்கு ஞாபகம் இருந்துச்சு. பயந்துட்டேன்.”

அவளுக்கு அது புதிதல்ல. அந்தத் தலையாட்டலை அவள் மறக்கவே இல்லை. இந்த மனுஷனை மூன்று மாதமும் மனசுக்குள் திட்டித் தீர்த்திருக்கிறாள். இப்போது முகத்தைப் பார்த்தால் ஆள் பாதியாகியிருந்தார்.

“தெரியும் சார்” என்றாள். “எனக்காவது வீட்டுல சொல்லி அழ ஒருத்தர் இருந்தாரு. நீங்க யாருகிட்ட சொல்லியிருப்பீங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் நாற்காலியை இழுத்து அவர் எதிரே உட்கார்ந்தாள்.