வேல் உரியவில்லை

பஞ்சவர்ணம் அக்கா இறந்த செய்தி வந்தபோது காரியாபட்டிச் சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மகன் பேசினான். "சித்தி, அம்மா போயிருச்சு." பொறுக்கியதைத் தராசில் போடவும் தோன்றவில்லை, திருப்பிக் கொட்டவும் தோன்றவில்லை. அன்றிலிருந்து கை ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. எழுதினாலாவது நிற்குமா என்றுதான் நம் பாதயாத்திரைக் குழுவினருக்கு இதை எழுதுகிறேன்.

அண்ணன் தம்பியைக் கட்டி எம்.ரெட்டியபட்டியில் ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் நாங்கள். பஜனையில் அவர் குரலை நீங்கள் அறிவீர்கள். வீட்டில் அவர் எதற்கும் 'ஏன்' கேட்பவர்.

நம் குழுவின் இரும்பு வேல், பால் அபிஷேகத்திலும் வியர்வையிலும் துருவேறிக் கிடந்தது. ஒற்றை வேலுக்கு முலாம் போட டவுனில் யாரும் இசையவில்லை. "நாமளே போட்ருவோம்டி" என்றார் அக்கா. போனில் பார்த்துக் கற்றோம். புறக்கடையில் பிளாஸ்டிக் வாளி, வினிகரில் நிக்கல் கரைந்த பச்சைத் தண்ணீர், பைக் பேட்டரி, ரப்பர் கையுறை. வேலைத் தேய்த்து, சலவைச் சோடாவில் கழுவி, அமிலத்தில் முக்கி, கேன் தண்ணீரில் அலசி, வாளிக்குள் இறக்கிப் பேட்டரி மின்சாரம் கொடுத்தோம். வெள்ளிபோல் வந்தது. மறுநாள் துடைத்தபோது வேலின் இலை நடுவே செதில் செதிலாக உரிந்தது.

"முருகன் தோல உரிச்சுக் காட்டுறான். இந்த வீட்டுல ஒண்ணு போகப்போகுது" என்றார் மாமியார். அக்காவுக்கு இதய ஆப்பரேஷன் குறித்திருந்த சமயம் அது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

"இந்த வேலு வேண்டாம்க்கா, கெணத்துல போட்ருவோம்."

"எனக்கு ஆப்பரேசன் இருக்குறது வேலுக்குத் தெரியுமாக்கும்? காரணம் இருக்கும்டி."

பழைய முலாமைச் சுரண்டிவிட்டு, மின்சாரத்தைக் குறைத்து மறுபடி போட்டோம். மறுபடி உரிந்தது. அக்கா வேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கன உரியுது பாரு. நடுவுல மட்டுந்தான். ஏன்?"

மூன்றாம் முறை ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்லி அருகில் நின்றார். அலசியபோது தண்ணீர் திட்டுத் திட்டாகப் பிரியாமல் ஒரே படலமாக வழிந்தது. பிசுக்கு இல்லை என்று அர்த்தம். இறக்குமுன் வழக்கம்போல் கையுறையைக் கழற்றி, வேலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ரப்பரோடு சாமியைத் தொட மனம் வருமா?

"நில்லுடி!" வாங்கி மறுபடி தண்ணீர் ஊற்றினார். என் நெற்றி பட்ட இடத்தில் தண்ணீர் விலகி ஓடியது. அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "திருநீறு, தலையெண்ணெ, அம்புட்டும் இங்கன இருக்கு, அதான் முலாம் ஒட்டல. நானுந்தான ரெண்டு தடவையும் ஒத்துனேன்!"

"கும்பிடாம எப்படிக்கா எறக்குறது?"

"வாளிக்குள்ள போறவரைக்கும் அது இரும்புடி. வெளிய வரட்டும், விழுந்து கும்பிடு."

மறுபடி கழுவி, கும்பிடாமல் இறக்கினோம். அந்த முலாம் நகத்தால் கீறியும் அசையவில்லை. "இனி ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா" என்று குதித்தேன். அவர் சிரிக்கவில்லை. "உரிஞ்சப்பப் பயந்தது தப்புன்னா, ஒட்டுனப்பக் குதிக்கிறதும் தப்புதான்டி."

ஆப்பரேஷனுக்குப் போனவர் வீடு திரும்பவில்லை.

தினமும் வேலைத் துடைத்துப் பார்க்கிறேன். ஒரு செதில்கூட உரியவில்லை. உரிந்திருந்தால் அதன்மேல் பழி போட்டிருப்பேன். அதற்கும் அக்கா வழி வைக்கவில்லை. 'எங்கன உரியுது பாரு' என்ற அந்தப் பேச்சுதான் என்னிடம் மிச்சம். பயம் வரும்போதெல்லாம் அதைச் சொல்லிக்கொள்கிறேன். பாதிப் பயம் போகிறது.

இந்த யாத்திரைக்கு வேல் என் தோளில்தான் வரும். புறப்படுமுன் வெறுங்கையால் எடுத்து, கண்ணில் நன்றாக அழுத்தி ஒற்றிக்கொள்வேன். அது வாளியைவிட்டு வெளியே வந்துவிட்டதல்லவா.