மழை மழை என்று கத்திய தகடு

உங்கள் போனில் இருக்கும் டார்ச் ஆப்புக்கு உங்கள் கான்டாக்ட் லிஸ்ட் எதற்கு என்று ஒரு தடவையாவது யோசித்திருக்கிறீர்களா? நான் யோசிப்பேன். எந்த ஆப்பை இறக்கினாலும் முதலில் பர்மிஷன் பக்கத்தைத்தான் திறப்பேன். காசு கேட்காத ஆப் வேறு எதையோ எடுத்துக்கொண்டிருக்கிறது என்பது என் கட்சி. ஐந்து ஸ்டார் ரிவ்யூக்களைத் தாண்டிப் போய் இரண்டு ஸ்டார் போட்டவனைத் தேடிப் படிப்பேன். அவன்தான் பொருளை உண்மையிலேயே வாங்கியிருப்பான். இந்தப் புத்தியோடு எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, வேலை தேடிக்கொண்டு வீட்டில் இருக்கிறேன்.

இந்த வருஷம் என் அண்ணன் தூத்துக்குடிக்குத் தெற்கே சின்னதாக ஓர் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்தான். அதுவரை அடுத்தவர் அளத்தில் மோட்டார் பார்த்தவன். முதல் வருஷ உப்பை ஒழுங்காகக் கரையேற்றிக் காட்டினால்தான் அளக்காரர் மறுபடியும் தருவார். வாரிய உப்பைக் கரையில் அம்பாரமாகக் குவித்திருப்பார்கள். அதன்மேல் தார்ப்பாய் போடுவதற்குள் பெருமழை பிடித்தால் பாதி உப்பு ஓடையோடு போகும்.

அண்ணன் ஓர் இலவச வானிலை ஆப்பை நம்பிக்கொண்டிருந்தான். துறைமுகத்துப் பக்கம் கொட்டும்போது எங்கள் அளத்தில் வெயில் அடிக்கும். அந்த ஆப்புக்கோ மொத்த ஊரும் ஒரே கட்டம். போதாததற்கு, அது மழை என்று சொல்லும் நாளில் கீழேயே குடை விளம்பரம் வரும். எனக்கு அங்கேயே பொறி தட்டியது.

"அதத் தூக்கிப் போடுண்ணே. நம்ம அளத்துல மொத தூத்தல் விழுந்ததும் கத்துற மாதிரி நான் ஒண்ணு செஞ்சு தாரேன்."

"நீ செஞ்ச காலிங் பெல்லே இன்னும் அடிக்கல ஏளா."

மழை உணரும் தகடு ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். டீயும் வடையும் வாங்கும் விலைதான். உள்ளங்கை அளவு, மேலே சீப்புப் பல் மாதிரி கம்பிக் கோடுகள். ஈரம் பட்டுக் கோடுகள் இணைந்தால் கரண்ட் பாயும், சைரன் அடிக்கும். அதை மோட்டார் அறைக் கூரையில் கட்டினேன்.

மறுநாள் விடியும் முன்னே கத்தியது. அண்ணன் எழுந்து ஓடி, கூலிக்கு உப்பு வார வந்திருந்த அக்காவையும் இழுத்துக்கொண்டு தார்ப்பாயைப் போட்டான். வானத்தில் ஒரு மேகம் இல்லை. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அக்கா நகரவே இல்லை.

"இது மழைக்குக் கத்துதா, பசிக்குக் கத்துதா? ஒரு இட்லி வச்சுப் பாரு ஏளா."

விற்றவன் டூப்ளிகேட் அனுப்பிவிட்டான் என்று நினைத்தேன். பிறகு அக்கா மேலேயே சந்தேகம் வந்தது. ஆளைச் சிரிக்க வைப்பதற்காகத் தண்ணீர் தெளிக்கிறாளோ என்று பழைய போனை வீடியோவில் ஓடவிட்டு ஒளித்துவைத்தேன். தகட்டுப் பக்கம் ஒரு காக்காகூட வரவில்லை.

கடைசியில் ஏறிப்போய் தகட்டை விரலால் துடைத்தேன். இங்கே எதைத் துடைத்தாலும் விரல் தானாக நாக்குக்குப் போகும். உப்பு. காற்றில் பறக்கும் உப்புத்தூள் தகட்டில் படிந்து, விடியற்காலை ஈரத்தை இழுத்துக்கொண்டு, கரண்டை ஜோராகக் கடத்தியிருக்கிறது. உப்பளத்தில் போய் ஈரம் பார்க்கும் தகட்டைக் கட்டியவள் நான். இதற்கு ஒரு டிகிரி.

தகட்டோடு வந்த சின்னத் திருகைத் திருப்பி, எவ்வளவு ஈரத்துக்குக் கத்த வேண்டும் என்ற அளவை ஏற்றிவைத்தேன். சத்தம் நின்றது. பத்து நாள் அமைதி. அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை, பக்கத்து அளத்துக்காரர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டான். மேகம் திரண்டால் தார்ப்பாயை எடுக்கிறவன், அதையும் நிறுத்தினான்.

எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. இன்று மதியம் குடிதண்ணீர் பாட்டிலோடு கூரையேறித் தகட்டில் ஊற்றினேன். சத்தமில்லை. இன்னொரு பாட்டில் ஊற்றினேன். அப்போதும் இல்லை. உப்பு ஈரம் கடத்துகிற அளவுக்கு நல்ல தண்ணீர் கடத்தாது. மழை பெய்தால் படிந்த உப்பும் கழுவிப்போகும். உப்புக்குப் பயந்து நான் ஏற்றிவைத்த அளவை எந்த மழையும் தொடப்போவதில்லை.

அண்ணனிடம் சொன்னேன்.

"பத்து நாளா தப்பா கத்தலல்லா. சரியாத்தான இருக்கு?"

"மழையே பெய்யலண்ணே. பெஞ்சாலும் கத்தாது."

"நீ எதத்தான் நம்புவ? சோத்துல கெடக்க கறிவேப்பிலையக்கூட சந்தேகப்படுத."

அக்கா வாருபலகையைக் கீழே வைத்தாள். "தம்பி, அது கத்துனப்ப ஓடவாவது செஞ்சோம். இப்ப அது செத்துக் கெடக்கது தெரியாம நாம படுத்துக் கெடக்கோம்."

அண்ணன் அவளுக்கும் மசியவில்லை. அம்பாரம் திறந்தே கிடந்தது. நாளைக்குத்தான் லாரி வரும். அவன் சாப்பிடப் போன நேரத்தில் கூரையேறி வயரைப் பிடுங்கி, தகட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். திரும்பி வந்து கூரையைப் பார்த்ததும் கத்தினான், அந்தச் சைரனைவிட மோசமாக.

"எனக்குன்னு செஞ்சு குடுத்தத நீயே புடுங்குத. இனி நான் எதப் பாத்து ஓட?"

"வானத்தப் பாத்து ஓடு."

அண்ணாந்து பார்த்தான். பத்து நாளில் அவன் அப்படிப் பார்த்தது இதுதான் முதல் தடவை. நான் மோட்டார் அறைக்குள் வந்து இதை டைப் செய்ய உட்கார்ந்தேன்.

மணி நாலு இருபது. தெற்கே கறுத்திருக்கிறது. அண்ணனும் அக்காவும் தார்ப்பாயை இழுக்கிறார்கள். ஒரு மூலையைப் பிடிக்க ஆள் இல்லை.