வெள்ளைத் துணிக்கு வெள்ளைக் கிளிப்

துணி காயப்போடும் முன் கொடியை ஈரத்துணியால் துடைப்பது எங்கள் டவுன்ஷிப்பில் எல்லா வீட்டிலும் உண்டு. அனல்மின் நிலையத்துச் சாம்பல் இரவில் வந்து படிந்துவிடும். துடைக்காமல் போட்டால் சட்டையின் குறுக்கே சாம்பல் கோடு விழும். நான் துடைத்துவிட்டு, வெள்ளைத் துணிக்கு வெள்ளைக் கிளிப், நீலத்துக்கு நீலக் கிளிப் என்று போடுவேன். இந்த இரண்டாவது பழக்கம் எங்கள் தெருவில் எனக்கு மட்டும்தான். நான் தினமும் டைரி எழுதுவதும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே, டைரி எழுதுகிற, நிறம் பார்த்துக் கிளிப் போடுகிற ஒரு பெண் வார இதழ்க் கதையொன்றில் வந்தபோது அவள் யார் என்று தெருவில் ஒருவருக்கும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கதை வந்த பக்கம் எங்கள் தெருப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் புகைப்படமாக வந்தது. கீழே யாரும் ஒன்றும் எழுதவில்லை. அதுவே என்னை உறுத்தியது.

எழுதியவர் எங்கள் பின்வீட்டுக்காரர். தனியார் பள்ளியில் தமிழ் நடத்துகிறவர் என்பதால் எல்லோருக்கும் டீச்சர். கதை இதுதான்: பக்கத்து வீட்டுக் கொட்டகையில் ஓர் ஏழைக் குடும்பம் குடியிருக்கிறது; டைரிக்காரி அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிடுகிறாள்; கைக்குழந்தையோடு அவர்கள் வெளியேறுகிறார்கள்.

வெறும் கதையாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். ஆனால் கதை வருவதற்குச் சற்று முன், பங்குனியில், எங்கள் தெருவில் அது நடந்திருந்தது. என் பக்கத்து வீட்டுப் பெண் காடாம்புலியூரில் பிறந்தவள், என்னைவிட இளையவள். மாடு கட்டியிருந்த பின்கொட்டகையைச் சீர்செய்து, கான்ட்ராக்ட் வேலைக்கு வந்த ஒரு குடும்பத்துக்கு விட்டிருந்தாள். குவார்ட்டர்ஸில் அதற்கு அனுமதி இல்லை. ஆனால் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் நடக்கிறது. ஒரு நாள் காலை ஆட்கள் வந்து கூரைத் தகடுகளைக் கழற்றினார்கள். அவள் கணவருக்கு மெமோ வந்தது. அந்தக் குடும்பம் சாமான்களை ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது. யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. கதை வந்த பிறகு யார் என்பதும் 'தெரிந்துவிட்டது'.

வைகாசியில் அவள் தாய்வீட்டிலிருந்து பஸ்ஸில் பலாப்பழம் வரும். அவள் அதை அரிந்து எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் கிண்ணத்தில் சுளை கொடுத்தனுப்புவாள். அந்த வருடம் வாசனை மட்டும் மதிலைத் தாண்டி வந்தது. முதல் ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்:

"வாசனை வருது, பழம் வரலையே. நீ எதுவும் சொல்லலையே?"

"யார்கிட்ட?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

அவரும் சும்மா கேட்கவில்லை. பழம் போனால் போகட்டும். பதினைந்து வருடமாக என்னை அக்கா என்று கூப்பிட்ட ஒருத்தி, நான் காட்டிக்கொடுத்தேன் என்று நம்பிக்கொண்டே அடுத்த வீட்டில் வாழ்வதை என்னால் விட முடியவில்லை.

கதையை மறுபடி, மெதுவாகப் படித்தேன். கிளிப் என்னுடையது. டைரி என்னுடையது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தேடுவதும் என்னுடையதுதான். ஆனால் அவள் போய்ச் சொன்னதற்கான காரணம் என்னுடையது இல்லை. கொட்டகையில் ஆள் வைப்பதற்கு முன் தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் அவளுடைய கோபம். என் குறை வேறு மாதிரி. நான் விதியைச் சொல்லித் திருத்துகிறவள், அதுவும் நேரில், முகத்துக்கு நேராக. என்னைக் கேட்காமல் உலகம் நடப்பது எனக்கு நிம்மதி.

டீச்சர் முன்பு படிக்கக் கொடுத்த கதைகளை நினைவுபடுத்திப் பார்த்தேன். ஒன்றில் ஒரு மாமியார், கல்யாணப் புடவை எடுக்கும்போது தன்னைக் கேட்கவில்லை என்று சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறாள். இன்னொன்றில் ஒரு தலைமையாசிரியர், பிரிவு உபசார விழாவில் தன்னைப் பேசக் கூப்பிடவில்லை என்று ஊரைவிட்டே போகிறார். நடை, வயது, ஊர் எல்லாம் வேறு. எல்லோரும் ஒரே இடத்தில் புண்பட்டவர்கள். எழுதுகிறவர்கள் நம்மிடமிருந்து கண்ணாடியையும் கிளிப்பையும் எடுத்துக்கொள்ளலாம். மனசுக்கு மட்டும் தங்கள் சரக்கைத்தான் போட வேண்டியிருக்கிறது என்று அன்று தோன்றியது.

கதையில் இன்னொன்றும் இருந்தது. அவள் துணி துவைத்துக்கொண்டே, கொட்டகைக்குள் மூங்கிலில் கட்டிய தூளியைப் பார்க்கிறாள்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரியை மதில் ஓரமாகக் கூப்பிட்டேன்.

"கொஞ்சம் என் கொடி வரைக்கும் வந்துட்டுப் போ."

"இன்னாத்துக்கு? ஆபீசுல போயி சொல்றதுக்கு இன்னும் எதுனா பாக்கி இருக்குதா?"

"வந்து நில்லு. திட்டறதுன்னா அப்புறம் திட்டு."

வந்தாள். அக்கா என்று சொல்லவில்லை. என் துவைக்கும் கல்லருகே நிறுத்தினேன்.

"உன் கொட்டகை இருந்த இடம் தெரியுதா?"

எட்டிப் பார்த்தாள். "எங்க வூட்டு பாத்ரூம் செவுருதான் தெரியுது. அப்பறம் முருங்கமரம்."

"கதைல துவைச்சிக்கிட்டே தூளிய பாக்கறா."

"படிச்சன். நெசமாவே உள்ள தூளி இருந்தது உங்களுக்கு எப்பிடித் தெரியும்னு நானும் நெனச்சன். டைரி எழுதறவங்களுக்குத் தெரியாததான்னு வுட்டுட்டன்."

சொல்லிக்கொண்டே அவள் பார்வை பின்மதில் பக்கம் போனது. கொட்டகையின் வாசல் அந்தப் பக்கம் பார்த்துத்தான் இருந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான அந்த மதிலுக்கு அப்பால் டீச்சர் வீட்டுத் துவைக்கும் கல்.

"ஆளு வெச்ச புதுசுல டீச்சரு கேட்டாங்கக்கா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதான்னு. நான் சிரிச்சிக்கினு வந்துட்டன்."

"பாக்கறது வேற, போய்ச் சொல்றது வேற. நாமளா முடிவு கட்ட முடியாது" என்றேன். நியாயத்துக்காகச் சொன்னேன். நம்பிச் சொல்லவில்லை.

"நீங்க சொல்லலதானே?"

"நான் சொல்றதா இருந்தா முதல்ல உன்கிட்டதான் வந்து சண்டை போட்டிருப்பேன்."

"அது நெசம்தான்" என்றாள். "பாத்தரம் கழுவினா தண்ணி எவ்ளோ ஊத்தணும்னு கூட சண்டை போட்டவங்களாச்சே நீங்க."

அன்று மாலை கிண்ணம் வந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகச் சுளைகள். நான் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் இன்னொரு கிண்ணத்தோடு பின்மதிலுக்குப் போனாள். வழக்கமாக மதில்மேல் வைத்துவிட்டுக் குரல் கொடுத்துவிட்டு வருகிறவள், அன்று கிண்ணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்:

"டீச்சர், உங்களக் கேட்டுட்டுக் குடுக்கலாம்னு வந்தன். சுளை வேணுங்களா?"

டீச்சரின் முகம் மலர்ந்தது. "இதுக்கெல்லாம் கேக்கணுமாடி" என்று கையை நீட்டினார். ஒரு நொடி கழித்து அந்த மலர்ச்சி அப்படியே நின்றது. அவர் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தார். அப்புறம் அவளுக்குப் பின்னால் கொடியடியில் நின்ற என்னைப் பார்த்தார். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர்தான் சொன்னார் என்று இன்றும் என்னால் எழுத முடியாது.

மறுநாள் துணி காயப்போடும்போது, கிளிப்புகளை நிறம் மாற்றிப் போடலாமா என்று நினைத்தேன். மாற்றவில்லை. மாற்றினால் அதையும் பின்மதிலிலிருந்து ஒருவர் பார்ப்பார். ஏன் மாற்றினேன் என்பதற்கு அவர் மனசிலிருந்து ஒரு காரணம் எடுத்து எனக்கு வைப்பார். கொடியைத் துடைத்துவிட்டு, வெள்ளைத் துணிக்கு வெள்ளைக் கிளிப்பையே போட்டேன்.