சட்டிக்குள் இருந்த காரீயம்

மீட்டர் பார்க்கிறவர்களே, கணக்கெடுக்கப் போகிறவர்களே, நீங்களெல்லாம் வாசலோடு தப்பித்துவிடுகிறீர்கள்; பாத்திரம் சோதிக்கிற நான் அடுப்படி வரை போயாக வேண்டும். மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்குக் கப்பலில் வந்த கையடக்க மெஷின் ஒன்று என்னிடம் இருக்கிறது. பாத்திரத்தில் வைத்து அழுத்தினால் என்னென்ன உலோகம் கலந்திருக்கிறது என்று காட்டும். நான் தேடுவது காரீயம். நிறமோ வாசனையோ காட்டாமல் சாப்பாட்டோடு உள்ளே போய், எலும்பில் தங்கி, பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும்.

ரசச் சொம்பு

டெலானிபூர் குவார்ட்டர்ஸில் வசந்தா அக்கா, கும்பகோணத்திலிருந்து கொண்டுவந்த ஈயச் சொம்பைப் பயந்துபோய் பரணில் ஏற்றியிருந்தார். "ஈயம்னாலே விஷம்னு வாட்ஸ்அப்புல வருது தம்பி." சோதித்தேன். சுத்தமான வெள்ளீயம், காரீயக் கலப்பே இல்லை. அக்கா முகம் மலர்ந்து காபி போடப் போனார்.

சும்மா இருப்பானேன் என்று அடுப்பிலிருந்த அலுமினியக் கடாயிலும் வைத்தேன். கண்டதையும் உருக்கி வார்த்த கடாய், காரீயம் எக்கச்சக்கம். தினமும் புளிக்குழம்பு கொதிப்பது அதில்தான், புளி பட்டால் இன்னும் இறங்கும். சொன்னதும் அக்கா காபியைக் கீழே வைத்துவிட்டுக் கடாயை இறக்கினார். "நல்லவனைப் பரண்ல பூட்டிட்டு, திருடனை அடுப்புல உக்கார வெச்சிருந்தேனா!"

ஜெட்டி டீக்கடை

பாராடாங் படகுத்துறை ஜெட்டியில் எங்கள் வங்காளி அண்ணன் பிமல் தாதா பழைய பித்தளைக் கெட்டிலில் டீ விற்பார். ஒழுகிய அடிப்பாகத்தை யாரோ பற்றவைத்திருந்தார்கள். அந்தப் பற்றில் முழுக்கக் காரீயம். காரீயம் என்று மட்டும் சொல்லிவிட்டு, மீதியை மெதுவாக எடுத்துச் சொல்லிப் புரியவைக்கலாம் என்று வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். ஃபெர்ரிக்கு நிற்கிற கூட்டம் கிளாஸை நீட்டிக்கொண்டிருக்க, மனிதர் கொதிக்கிற டீயை அப்படியே மண்ணில் கவிழ்த்தார். ஜீப் டிரைவர் ஒருவர் சத்தம் போட, தாதா இந்தியும் தனக்குத் தெரிந்த தமிழுமாகச் சொன்னார்: "ஆஜ் சாய் நஹி, பாயி. இன்னிக்கு டீ இல்ல. என் பொண்ணும் இதுலதான் குடிக்கிறா."

வலைக் குண்டு

மீனவர் முருகேசனின் மகள் திவ்யாவுக்கு ஓயாத வயிற்றுவலி. படிப்பிலும் மந்தமாகிவிட்டாள். ரத்தத்தில் காரீயம் இருப்பதைப் பார்த்த டாக்டர் என்னை அவர்கள் வீட்டுக்கு அனுப்பினார். அடுப்படியில் ஒரு பாத்திரத்திலும் குற்றமில்லை. கிளம்பும்போது, திவ்யாவின் அம்மா செல்வி மீன் வறுக்க வெளியிலிருந்து ஓர் இரும்புச் சட்டியை எடுத்துவந்தார்.

"இது எதுக்கான சட்டி?"

"வலைக்கு அவரு ஈயக்குண்டு உருக்குறது. நல்லா தேய்ச்சுட்டுத்தான் வறுப்பேன்."

சட்டி முழுக்கக் காரீயம் என்று மெஷின் காட்டியதைச் சொன்னேன். எந்தப் புயலிலும் படகைக் கைவிடாத முருகேசன் சட்டியை அன்றே ஒழித்தார். குண்டு உருக்குவதையும் வீட்டில் நிறுத்தினார்.

மழைக்காலம் கழிந்து போனேன். ரத்தத்தில் காரீயம் நன்றாகக் குறைந்திருந்தது. திவ்யா பாடப்புத்தகத்தை மூடிவிட்டு ஓடிவந்து, வயிற்றைத் தொட்டுக் காட்டிக் கேட்டாள்: "அண்ணா, எனக்குள்ள இருந்த குண்டெல்லாம் இப்ப எங்க போச்சு?"

ஆக, இந்த வேலைக்கு வந்தபின் எந்த வீட்டு விருந்தானாலும், அவர்கள் நீட்டுகிற பாத்திரத்தையெல்லாம் சோதித்துக் கொடுத்தால்தான் எனக்குச் சோறு விழுகிறது.