கார் இல்லாத வீட்டுக்கு இரண்டாவது கேட்

கம்பத்தில் எங்கள் வீட்டுக்கு முன்வாசலில் ஏழு படிகள். பக்கத்துச் சந்து மேடாக இருப்பதால் அடுப்படிக் கதவுக்குச் சமமாக ஓடுகிறது. நடுவில் இருப்பது காம்பவுண்டுச் சுவரும் கழிவுநீர் ஓடும் ஒரு வாறுகாலும்தான். வீடு கட்டும்போது இதையெல்லாம் யார் யோசித்தார்கள்? நானும் என் மனைவியும் அந்தப் படிகளில் இருபது வருடம் ஓடி ஏறி இறங்கியிருக்கிறோம்.

போன ஐப்பசி மழையில், தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துப் படியில் அவள் வழுக்கி விழுந்தாள். முதுகெலும்பில் அடி. மதுரையில் ஆபரேஷன் முடிந்து சக்கர நாற்காலியோடு திரும்பி வந்தாள். அன்றிலிருந்து அவள் வெளியே போக வேண்டுமென்றால், நானும் எதிர்வீட்டு ஜீப் டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நாற்காலியோடு இறக்க வேண்டும். அவர் கேரளா எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிறவர், விடியும் முன்பே கிளம்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் கைகொடுப்பார்.

பள்ளிக்கூடம் அதே சந்தின் மறுமுனையில்தான் இருக்கிறது. கீழ்த்தளத்திலேயே வகுப்பு தருகிறேன் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். ஆவணி பிறந்ததும் விடுப்பு முடிகிறது. சந்துப் பக்கம் ஒரு கேட் வந்தால் அவளே உருட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவாள். வராவிட்டால் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

சுவரை உடைத்து வாறுகால் மேல் சிலாப் போட நகராட்சி அனுமதி வேண்டும். மனு எழுத உட்கார்ந்தேன்.

"நாக்காலி கீக்காலின்னு எதையும் எழுதாதீக," என்றாள். "ஆபீசு பூராம் என் கதையைப் பேசுவாக."

எங்கள் சொந்தத்தில் ஒருவருக்குச் சர்க்கரை வந்தால்கூட அது அடுத்த வீட்டுக்குத் தெரிய ஐந்து வருடம் ஆகும். நானும் அதே ரத்தம்தானே. கார் நிறுத்துவதற்காக என்று எழுதிவிட்டேன். வரைபடம் போட்டவர் தன் பங்குக்கு அழகாக ஒரு காரையும் வரைந்து கொடுத்தார். எங்களிடம் இருப்பது பழைய ஸ்கூட்டர் ஒன்று.

அடுத்த கூத்தைக் கொத்தனார் ஆரம்பித்து வைத்தார்.

"ஆடி பெறந்துட்டா புது வேலையில கை வைக்க மாட்டேன் சார். இன்னைக்கு ஆனி கடைசி. நாலு செங்கலை உருவிட்டம்னா ஆனியிலயே ஆரம்பிச்ச வேலையாயிரும்."

நாங்கள் பரம்பரையாக வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆடியாவது ஆனியாவது என்று சொல்லியிருக்க வேண்டும். தலையாட்டிவிட்டேன். உத்தரவு வராமலே நாலு செங்கல் உருவப்பட்டது. அவள் நாற்காலியை உருட்டி வந்து அந்த ஓட்டை வழியாகச் சந்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் இடம் பார்க்க அதிகாரி வந்தார். அவள் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் கண் நேராக ஓட்டைக்குத்தான் போனது.

"உத்தரவு வர்றதுக்குள்ள உடைச்சிருக்கீங்க."

"நாலே நாலு செங்கல் சார்."

"கார் எங்க?"

"வாங்கப் போறோம்."

"முன்னாடி படிக்குக் கீழயே கார் நிக்க இடம் இருக்கே. இன்னொரு வாசல் எதுக்கு?"

வரைபடத்தில் இருந்த காரைத் தொட்டுக் காட்டினேன். அவர் பொறுமையான மனிதர். வேறு காரணம் இருந்தால் எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் மனுவைத் தள்ளிவிட்டு ஓட்டையை அடைக்கச் சொல்லத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்க் கத்தினேன். "உன் கௌரவத்துக்காக நான் பொய்யனா நிக்கிறேன். வேலைக்குப் போகணுமா, இல்ல கடைசி வரைக்கும் இந்தக் கதவுக்குப் பின்னாலயே இருக்கப் போறியா?"

சொன்ன மறுநிமிடமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் அழவில்லை. நறுக்கிக்கொண்டிருந்த வெண்டைக்காயை நறுக்கி முடித்தாள்.

மறுநாள் காலையில் ஒட்டிய கவர் ஒன்றைக் கொடுத்தாள். "பிரிச்சுப் பாக்காதீக. அப்படியே குடுங்க."

நகராட்சி ஆபீசில் அதிகாரி கவரைப் பிரித்தார். அவருக்கு வாய்விட்டுப் படிக்கும் பழக்கம்.

"என்னால் நடக்க முடியாது. இந்தச் சந்தின் முனையில் உள்ள பள்ளியில் நான் ஆசிரியை. எங்கள் வீட்டில் கார் கிடையாது. இரண்டாவது வாசல் என் சக்கர நாற்காலிக்காக. ஒன்பது மாதமாக என்னைத் தூக்கித் தூக்கி என் கணவருக்கு இடுப்பு போய்விட்டது. நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து எழுந்து தைலம் தடவிக்கொள்கிறார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது."

பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றுவிட்டது.

"உக்காருங்க சார்," என்று அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காந்தா எந்திரிக்க முடியாது சார்," என்றேன். ஒன்பது மாதத்தில் நான் அதை ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆடி பாதியில் உத்தரவு வந்தது. ஆனியிலேயே ஆரம்பித்த வேலை என்பதால் கொத்தனாரும் மறுபேச்சுப் பேசவில்லை. ஆவணியில் பள்ளிக்குக் கிளம்பிய முதல் நாள், அவள் சந்தில் தானாக உருட்டிப் போவதைக் கேட்டைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். பாதி தூரம் போனவள் நாற்காலியைத் திருப்பினாள். வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அங்கனயே நிக்காதீக. உள்ள போயி இடுப்புக்கு வெந்நி ஒத்தடம் குடுங்க."