நான் ஏற்றாத கற்பூரம்

எனக்கு என்ன வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இருந்ததில்லை. தன் மனதை அறிந்துகொண்டால் போதும், வாழும் வழி தானாகத் திறக்கும் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நான் இருபத்திரண்டு வயதில் அறிந்துகொண்டேன். ஒன்றும் திறக்கவில்லை.

விழுப்புரத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அக்காவைத் திண்டிவனத்தில் கொடுத்திருந்தார்கள். அவள் புருஷன், என் மாமா, அங்கே மல்லாட்டை என்கிற நிலக்கடலையை உடைக்கும் ஒரு மில்லில் மூட்டை எடை போடுகிறவர். அவர் சொல்லித்தான் எனக்கும் அங்கே வேலை கிடைத்தது. அனந்தபுரம் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாக மல்லாட்டை வரும். மிஷின் தோலை உடைத்துத் தள்ளும். விழுகிற பருப்பைச் சாக்கில் பிடிப்பது என் வேலை. மூக்கிலும் காதிலும் செம்மண் தூசி அடைத்துக்கொள்ளும்.

அந்த மிஷினை ஓட்டியது ஒரு ஆயில் எஞ்சின். அதற்குத் தனி அறை. சக்கரம் ஆள் உயரம் இருக்கும். காலையில் அதன் தலையை விளக்கு வைத்துப் பழுக்கக் காய்ச்சி, சக்கரத்தை ஒரு பக்கமாக ஆட்டி விட்டால், இரண்டு தும்மல் தும்மிவிட்டு ஓட ஆரம்பிக்கும். முதல் நாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் என் சாக்கு நிரம்பித் தரையில் கொட்டியது.

"டேய், பருப்பு கீழ போவுது, எங்க பாத்துக்கினு கீற?" என்று பருப்பு பொறுக்கும் பெண்களில் ஒருத்தி கத்தினாள்.

"எஞ்சினைத்தான். பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி நிக்கிறான் பாரு," என்றாள் இன்னொருத்தி.

அவள் சொன்னது பொய்யில்லை. மத்தியானக் கூழை அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் குடித்தேன். ஒரு வருஷத்தில் சத்தத்தை வைத்தே சொல்லத் தெரிந்தது: இடையிடையே மூச்சு விட்டால் எண்ணெய்க் குழாயில் அடைப்பு, சீறினால் பெல்ட்டு தளர்ந்திருக்கிறது. மனிதர் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எஞ்சினிடம் பேச வேண்டியதில்லை. வாழ்நாள் முழுக்க அந்த அறையில் நிற்க வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்று எனக்குள் தீர்மானமாகிவிட்டது.

எஞ்சின் டிரைவர் ரயில்வே வேலை கிடைத்துப் போய்விட்டார். ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் எஞ்சினை ஓட்டியது நான். முதலாளிக்கும் அது தெரியும். மாமா மட்டும் அந்த அறை வாசலோடு நின்றுவிடுவார்.

எங்கள் மில்லில் ஒரு வழக்கம். ஆயுத பூஜை அன்று எஞ்சினுக்குக் கற்பூரம் ஏற்றிக் காட்டுகிறவன்தான் டிரைவர். அதற்கு வேறு உத்தரவு, கடுதாசி எதுவும் கிடையாது.

பூஜை அன்று எஞ்சினுக்குச் சந்தனம் பூசி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. முதலாளி என்னைப் பார்த்து, "வாப்பா, வந்து ஏத்து," என்றார். தட்டு என் கைக்கு வந்தது. எல்லாருடைய கண்ணும் என் மேல். மாமா பக்கத்தில் நின்றிருந்தார். வீட்டு மாப்பிள்ளை நிற்கும்போது நல்ல காரியத்தில் நாம் முந்திக் கை வைப்பதில்லை. அவரிடம் நீட்டுவோம். அவர் தொட்டுவிட்டு, "நீயே செய்" என்று திருப்பித் தருவார். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் மரியாதை அது.

"மாமா, நீங்க ஏத்துங்க," என்று நீட்டினேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். தட்டு திரும்பி வரும் என்று நான் நீட்டிய கையோடு நின்றேன். கற்பூரம் எரிந்தது.

"சரி, நல்லதாப் போச்சு. இனி நீயே ஓட்டு. உன் மச்சான்காரன் கூட இருந்து கத்துக் குடுப்பான்," என்று முதலாளி சிரித்தார்.

"அட, கட்டிக்க வந்தவனே மாமன் கையில தாரை வாத்துட்டானே!" என்று ஒரு குரல் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். 'மாமா, தட்டைக் குடுங்க' என்று மூன்று வார்த்தை சொல்லியிருக்கலாம். காது சூடாகி, குனிந்து சாக்கை எடுத்தேன். அன்று அக்கா, தன் புருஷனுக்கு வேலை உயர்ந்தது என்று பாயசம் வைத்தாள். நானும் குடித்தேன்.

ஒன்பது வருஷம். எஞ்சின் நின்றால் "மச்சான், இன்னான்னு வந்து பாரு, ஜல்தி" என்று கூப்பிடுவார். சரி செய்து கொடுத்துவிட்டுச் சாக்குக்குத் திரும்புவேன். வேறு பேச்சு அவரிடம் வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு ஆயுத பூஜையிலும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார். இடித்துக் காட்டுகிறார் என்று நான் தரையைப் பார்ப்பேன்.

யுத்த காலத்தில் நல்ல எண்ணெய் கிடைக்கவில்லை. கண்டதை ஊற்றி ஓட்டியதில் எஞ்சினின் தலை வெடித்துக் கீறல் விட்டது. முதலாளி அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். மாட்டு வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டு போனபோது நானும் மாமாவும் மில் வாசலில் நின்றோம். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பாடா, தொலஞ்சுது சனியன். ஒம்போது வருஷமா வயித்துல நெருப்பைக் கட்டிக்கினு அதுங்கிட்ட நின்னேன்."

எனக்குப் புரியவில்லை. "புடிக்காமயா ஓட்டினீங்க?"

"எனக்கு இன்னாடா புடிக்கிறது? நாலு பேர் பாக்கும்போது தட்டை என் கையில நீட்டின. நீ பயந்துக்கினு என் தலையில கட்டுறன்னு நெனச்சேன். வேணாம்னா உனக்குத் தலையிறக்கம்னு வாங்கிக்கினேன். பயம் தெளிஞ்சா வாங்கிக்குவன்னு வருஷா வருஷம் தட்டை வச்சிக்கினு உன் மூஞ்சியப் பாத்தேன். நீ தரையப் பாத்துக்கினு நின்ன."

வண்டி ரயிலடிப் பக்கம் திரும்பியது. சக்கரத்தின் மேல் பாதி மட்டும் தெரிந்தது. ஒன்பது வருஷம் அந்த மனிதரை வெறுத்து வந்தேன். வாழ்க்கை ஏன் இப்படிப் போனது என்று கேட்டுக்கொண்டபோதெல்லாம் விரல் நீட்டிக் காட்டுவதற்கு ஒரு ஆள் இருந்தார். இப்போது அவரும் இல்லை.

"அது உனக்கு வேணும்னு எப்பவாச்சும் வாயத் தொறந்து சொன்னியாடா?" என்று மாமா கேட்டார்.

நான் திரும்பி உள்ளே போனேன். எஞ்சின் இல்லாமல் மிஷின் ஓடாததால் பெண்கள் மல்லாட்டையைக் கையால் உடைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஓரத்தில் உட்கார்ந்து உடைக்க ஆரம்பித்தேன்.