தறியிலிருந்து அறுத்த துணி

அப்பா போனில் பேசியபோது பின்னால் தறிச் சத்தம் இல்லை. ராஜபாளையத்தில் கரண்டு இருக்கிற பகலில் அவர் தறியை நிறுத்துகிறவர் அல்ல. “ஜமீலா டாக்டர் தவறிட்டாவ தாயி” என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினேன். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான்.

தீப்புண்ணோடு டாக்டரிடம் போயிருந்தால், புண்ணை ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டு வரும் அவர் விதம் உங்களுக்குத் தெரியும். நான் போனது பாலால். வேலை பார்த்த பால்கோவா கடையில் கொதிக்கிற பால் இடது கையில் கவிழ்ந்தது. ஆஸ்பத்திரியில் போட்ட கட்டு நனைந்துபோக, அப்பா தறியிலிருந்து அறுத்த துணியைச் சுற்றிவிட்டார். நாங்கள் பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள். ஊருக்கெல்லாம் நாம் நெய்து அனுப்பும்போது நம் பிள்ளைக்குக் கடையிலா வாங்க வேண்டும் என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

காய்ச்சல் நிற்கவில்லை. புண்ணின் ஓரம் கருத்தது. மேலே துடைத்தெடுத்துப் பார்த்தால் போதாதென்று டாக்டர் சதையிலேயே ஒரு துணுக்கு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். பூஞ்சை இழைகள் சதைக்குள் ஓடியிருந்தன. கருத்ததை வெட்டியெடுத்து, பூஞ்சைக்கான மருந்தை டிரிப்பில் ஏற்ற வேண்டும். பரவினால் கையே போகலாம் என்றார். பிறகு, எதைக் கட்டினீர்கள் என்று கேட்டார்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். “பேண்டேஜ்காரர் வீட்டுலயே இந்தக் கூத்தா?” என்று பக்கத்துக் கட்டிலில் சிரித்தார்கள். அப்பாவைப் பார்க்கவே எனக்குக் கூசியது. அப்படிக் கூசியதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

டாக்டர் தட்டிலிருந்து ஒரு சுருளை எடுத்து அவர் கையில் வைத்தார். “இதுவும் உங்க பக்கத்துத் தறியில நெய்ஞ்சதுதான் அண்ணாச்சி. சலவை பண்ணி, கிருமி சாக ஆவியில அவிச்சு வந்திருக்கு. அம்புட்டுதான். உங்க துணியாலதான் வந்துச்சுன்னு என்னால அடிச்சுச் சொல்லவும் ஏலாது.” அப்பா அந்தச் சுருளை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

இரண்டு முறை வெட்டினார்கள். காலையில் கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். “ஏட்டி, நீயும் பாரு. திரும்பக் கருத்தா எனக்கு முன்னாடி உனக்குல்ல தெரியணும்” என்பார் டாக்டர். கை பிழைத்தது. நான்தான் பார்க்கப் பழகவில்லை.

டாக்டர் வீட்டில், துக்கத்துக்கு வந்த பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். அவர் மகள் தண்ணீர் நீட்டினார். வாங்கும்போது சட்டைக்கை மேலேறித் தழும்பு தெரிந்துவிட்டது. அவர் கண்ணை விலக்கவில்லை. அம்மாவைப் போலவே ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார். “அம்மா பார்த்த புண்ணா?” என்றார். ஆமாம் என்றேன். சட்டைக்கையை இழுத்துவிடப் போன மறு கையை நிறுத்திக்கொண்டேன்.

கூச்சம் போய்விடவில்லை. ஆனாலும் இப்போது காலையில், டாக்டர் அன்று கட்டுப் பிரிக்க வந்த அதே நேரத்தில், கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி ஓரத்திலிருந்து பார்க்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.